ஒன்றரை லிட்டர் குறைவு

அவரை எல்லோரும் நாடி என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எங்கள் பறக்கும் கிளப்பில் அவர் இருபத்தாறு வருடம் நான்கு மாதம் மெக்கானிக்காக இருந்தார். அதில் இருபத்திரண்டு வருடம் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது இறங்கியது, டாங்கில் எவ்வளவு பெட்ரோல், பறக்கத் தகுதி என்று கையெழுத்துப் போட்டது யார் என்பதையெல்லாம் எழுதி வைப்பது என் வேலை. ஆகவே இங்கே வரும் நேரங்களும் அளவுகளும் ஞாபகத்திலிருந்து எடுத்தவை அல்ல. அவருடைய மனைவி இதைப் படித்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினார். மற்றது அப்படியே இருக்கட்டும் என்றார்.

நாடி என்ற பெயர் வந்த கதை எளிது. எங்களிடம் இருந்தவை எல்லாம் கிழட்டு விமானங்கள். அவற்றில் ஒன்று கிளப்புக்குச் சொந்தமான இரண்டு இருக்கை விமானம். மரமும் துணியும் கொண்டு செய்த சிறகு, மூக்கில் நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகக் காற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடி கிடையாது. தினமும் காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அவர் வந்து, சாவி அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது உள்ளே காற்றை அமுக்கி, கையை எதிர்த்துத் தள்ளும். நான்கு தள்ளல் ஒரே மாதிரி இருந்தால் நலம். ஒன்று தள்ளாமல் தொளதொளவென்று போய்விட்டால், அந்த சிலிண்டரில் வால்வு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றுவார். வைத்தியர் மணிக்கட்டைப் பிடிப்பது போல இருக்கும்.

வால்வு பிடிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது எல்லாம் அதில்தான் இருக்கிறது. எஞ்சின் மூச்சை இழுக்கவும் விடவும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு கதவுகள் உண்டு. ஆணி மாதிரி ஒரு தண்டு, அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு. தண்டு ஒரு குழலுக்குள் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை போய் வரும். புகை வெளியேறும் பக்கத்து வால்வின் தண்டில் எண்ணெய் வெந்து கரியாகப் படியும். தண்டுக்கும் குழலுக்கும் நடுவில் தலைமுடி போகிற இடம்தான் இருக்கிறது. கரி அதை அடைத்தால் வால்வு மாட்டிக்கொள்ளும். கதவு திறந்தபடி நிற்கும்.

இந்த நோய் ஆறிய எஞ்சினில்தான் தெரியும். காலையில் முதல் தடவை கிளப்பும்போது ஒரு நிமிடம் இருமும், உடம்பை உதறும், நொண்டும். சூடு ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். ஓட்டுகிறவர்களுக்கு அதுவே போதும், மறந்துவிடுவார்கள். நாடிக்கு அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். “இருமுச்சா, எழுதுங்க” என்று கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருந்தார்.

கிளப்பில் பல் டாக்டர் ஒருவர் சொந்த விமானம் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, மாமனார், சாப்பாட்டுக் கூடை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். நாடி விசிறியைச் சுற்றிவிட்டு, இரண்டாவது சிலிண்டர் சரியில்லை, இன்றைக்குப் போக வேண்டாம் என்றார்.

“சூடானா சரியாயிடும் நாடி. போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு, அப்புறம் ஜம்முனு ஓடுச்சே.”

“போன வாரமே இருந்துச்சா? யார்கிட்ட சொன்னீங்க டாக்டர்?”

“சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லைய்யா.”

“பல்லு ஆடுதுன்னு ஒருத்தன் வந்தா, நல்லா மென்னா சரியாயிடும்னு அனுப்பிடுவீங்களா?”

“பல்லும் இதுவும் ஒண்ணா?”

“எப்படி ஒண்ணாகும்? பல்லு போனா கடிச்சுத் தின்ன முடியாது, அவ்வளவுதான். இது போனா தின்ன வாயே இருக்காது.”

மாமனார் முதலில் சிரித்தார். அதன் பிறகு டாக்டரும் சிரித்தாக வேண்டியதாயிற்று. கொட்டகைத் தரையிலேயே கூடையைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அன்று நாடி அந்த வால்வைச் சரிசெய்ததை நான் நாற்காலி போட்டுப் பார்த்தேன். சிலிண்டரைக் கழற்றவே இல்லை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஏழு முழம் நைலான் கயிற்றை உள்ளே திணித்தார். விசிறியைச் சுற்றியதும் உள்ளே பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அமுக்க, கயிறு வால்வைத் தாங்கிக்கொண்டது. வெளியே வால்வின் ஸ்பிரிங்கைக் கழற்றினார். தண்டின் வெளி நுனியில் தையல் நூலைக் கட்டிவிட்டு, கயிற்றை உருவி, வால்வைத் தட்டி உள்ளே இறக்கினார். குழலை ரீமர் என்ற துருவுகோலை விட்டுச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினார். பிளக் ஓட்டையில் தண்டின் நுனியை இழுத்து வைத்துக் கரியைத் துடைத்தார். பிறகு நூலைப் பிடித்து இழுத்தார். தூண்டிலில் மீன் வருவது போல வால்வு தன் இடத்துக்கு ஏறி வந்தது. மூன்று மணி நாற்பது நிமிடம்.

நூல் அவர் மனைவியுடையது. அந்த அம்மா வீட்டில் தையல் வேலை செய்தார். அந்த வீடு விமானத்திடலிலிருந்து சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம். இரண்டே அறை. முன்னறையில் தையல் மெஷின், ஜன்னலோரம் துணி வெட்டும் பலகை, சுவரில் மாட்டிய நாட்காட்டி. அடுத்த அறையில் சமையலும் சாப்பாடும். மாதத்தில் இரண்டு முறையாவது அங்கே சாப்பிட்டிருப்பேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவர்கள் பேசுவது வால்வைப் பற்றித்தான். அந்த அம்மாவுக்கு அன்றன்றைக்கு எந்த எஞ்சினில் எந்த சிலிண்டர் என்பது வரை தெரியும்.

ஒரு நாள் அந்த அம்மாவுக்குச் சளி. கரண்டியை வைத்துவிட்டு இருமினார்.

“கொஞ்சம் சூடா ஏதாவது குடி. சரியாயிடும்” என்றார் நாடி.

“அது எப்படி? ஊருக்கெல்லாம் சூடானா சரியாயிடும்னு நம்பாதேங்கறீங்க. எனக்கு மட்டும் சூடானா சரியாயிடுமா? நாலு நாள் கழிச்சு நடுவானத்துல நிக்கப்போறேன் பாருங்க.”

“உன்னைக் கழட்டிச் சுத்தம் பண்ண எங்கிட்ட அவ்வளவு நீளக் கயிறு இல்லை.”

“பாத்தீங்களா நோட்டு சார், இந்த வீட்ல எனக்கு மரியாதையை” என்று என்னிடம் முறையிட்டார். நோட்டு என்பது நான்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு வீட்டில் பெயர் வாலு. “விமானத்துக்கு ஒரு வாலு, எனக்கு ஒரு வாலு, ரெண்டும் சொன்ன பக்கம் திரும்பாது” என்பார் நாடி. பத்து வயதில் கொட்டகைக்கு வர ஆரம்பித்தவள், பத்தொன்பது வயதில் கிளப்பில் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தாள். மெக்கானிக் மகள் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது. விமானத்தைக் கழுவி, இறக்கைத் துணிக்கு வார்னிஷ் அடித்து, அந்த உழைப்புக்கு ஈடாகப் பறந்தாள். இருபத்து நான்கு வயதில் இருநூற்றுப் பதினொரு மணி நேரம் முடித்திருந்தாள். நிலத்தை மேலிருந்து படமெடுக்கும் ஒரு நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. தொழில்முறை உரிமம் மட்டும் வாங்கியாக வேண்டும். அதற்குப் பரிசோதகர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் திடலுக்கு வருவார்.

செப்டம்பரில் வந்தார். அன்று காலை நாடி விசிறியைச் சுற்றிவிட்டு மூன்றாவது சிலிண்டர் தளர்கிறது என்று கிளப்பின் இரண்டு இருக்கை விமானத்தை நிறுத்திவிட்டார். எங்கள் கிளப்பில் ஒரு விதி இருந்தது: வால்வு வேலை பார்த்த எஞ்சினை மூத்த பயிற்சியாளர் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மாணவர் தொடலாம். பரிசோதகர் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். வாலு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, “நீங்க பண்ணினது சரிதான்பா. ஆனா எனக்கு அழுகை வருது, அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். நிறுவனம் மார்ச் வரை காத்திருப்பதாகச் சொன்னது. அதற்கு மேல் இல்லை.

மார்ச் ஒன்பதாம் தேதி பரிசோதகர் மறுபடி வந்தார்.

அன்றைய காலையை நான் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுகிறேன். இரவுக் காவலாளி ஐந்தரைக்குப் போய்விடுவார். நான் ஆறே காலுக்கு வருவேன். நடுவில் முக்கால் மணி நேரம் திடலில் யாரும் கிடையாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் வந்தபோது வாலு ஏற்கெனவே விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருந்தாள். அதன் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு நாற்பதுக்கு நாடி சைக்கிளில் வந்தார். சாவியைப் பார்த்தார். கண்ணை மூடி விசிறியைச் சுற்றினார். நான்கு தள்ளல். நான் பக்கத்தில்தான், டாங்கில் அளவுக்குச்சியை விட்டுக்கொண்டு நின்றேன். சுற்றி முடித்ததும் வழக்கம் போல ஒவ்வொரு சிலிண்டரையும் தட்டிக் கொடுத்தார். மூன்றாவதில் கை நின்றது.

“வெதுவெதுன்னு இருக்கே.”

“வெயில்ல நிக்குதுல்லப்பா.”

அவர் வானத்தைப் பார்த்தார். சூரியன் அப்போதுதான் வேலிக்கு மேலே வந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேன்பா.”

ஆறு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். நான் ஆறு ஐம்பத்தைந்துக்கு எரிபொருள் ஏட்டில் எழுதினேன்: முந்தின மாலை அளவிலிருந்து ஒன்றரை லிட்டர் குறைவு, காரணம் தெரியவில்லை. எழுதினேன், ஏட்டை மூடினேன். கேட்கவில்லை. குறைவு இருந்தால் எழுத வேண்டும் என்பது என் விதி. கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. டாங்கை மறுபடி நிரப்பினேன்.

முதலில் அவள் தனியாக ஒரு சுற்று வர வேண்டும், இறங்கிய பிறகு பரிசோதகர் ஏறுவார். ஏழு முப்பத்திரண்டுக்குச் சக்கரம் தரையை விட்டது. ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, மரங்களுக்குக் கொஞ்சம் மேலே போனபோது சத்தம் மாறியது. நாடி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “மூணாவது” என்றார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகச் சொன்னார். “நேராப் போ. திரும்பாதே. நேராப் போயி எறக்கு.” அவள் காதில் விழாது என்று அவருக்குத் தெரியும். அவள் ஓடுபாதைக்கே திரும்ப முயன்றாள்; விமானம் சாய்ந்து மரங்களுக்குள் விழுந்தது. ஏழு முப்பத்து நான்கு.

அதற்குப் பிந்திய நான்கு மணி நேரத்தில் நான் எழுதியது எதுவும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி வேறு நாள் கிடையாது.

பதினொன்று இருபதுக்கு நாடி என் அறைக்கு வந்தார். கைகளைக் கழுவியிருந்தார், சட்டையை மாற்றவில்லை. எரிபொருள் ஏட்டைக் கேட்டார். அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்தார்.

“பத்து நிமிஷம் ஓட்டியிருக்கா” என்றார். “நான் வர்றதுக்கு முன்னாடி. சூடு பண்ணி இளக வச்சிருக்கா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு.”

நான் ஏட்டை என் பக்கம் திருப்பி அந்த வரியை மறுபடி படித்தேன்.

“ஓட்டி நிறுத்தினா உள்ள இருக்கிற எண்ணெய் இன்னும் வேகும் சார். அது அவளுக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லித் தரலை.” உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “ஆறரை மணி வெயில் இரும்பைச் சுடுமா? கை சொல்லுச்சு. அவ மூஞ்சியைப் பாத்தேன். கையெழுத்தைப் போட்டுட்டேன்” என்றார்.

நானும் எழுதினேனே தவிரக் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாமா?”

“பக்கத்துக்கு எண் போட்டிருக்கு. கிழிக்க முடியாது.”

“சரி. யாராவது கேட்டா காட்டுங்க. கேக்கலைன்னா விட்டுடுங்க. அவ அம்மாவுக்கு மட்டும் எப்பவும் தெரிய வேண்டாம். புள்ள அப்பனை ஏமாத்திட்டுப் போய்ச் செத்தான்னு அவ நினைச்சுட்டு இருக்கக் கூடாது. நான் சரியாப் பாக்கலைன்னு நினைச்சா பரவாயில்லை. என்னைத் திட்டிக்கலாம். அவளைத் திட்ட முடியாதுல்ல.”

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மூன்றாவது சிலிண்டரின் வால்வு திறந்தபடி இறுகியிருந்ததையும், அதைத் தள்ளும் கம்பி வளைந்திருந்ததையும் படமெடுத்தார். எஞ்சின் பதிவேட்டை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். எரிபொருள் ஏட்டை அவர் கேட்கவில்லை. நாடியிடம், காலையில் முறையாகச் சோதித்தீர்களா என்று கேட்டார். “அவசரத்துல சரியாப் பாக்கலைங்க” என்றார் நாடி. அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். அவருடைய உரிமத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்தினார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் கடிதம் வந்தது. பிரிக்காமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் பிரிக்காமல்தான் இருக்கிறது.

அதன் பிறகு தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு நாடி என்ற பெயர் கிடையாது. ஞாயிறு காலைகளில் மட்டும் என் அறைக்கு வருவார். கொட்டகைப் பக்கம் போகமாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்வார். வெளியே ஏதாவது எஞ்சின் கிளம்பி இருமினால், பேச்சை நிறுத்திவிட்டு அது சீராகும் வரை காத்திருப்பார். சீரானதும், “எழுதச் சொல்லுங்க” என்பார். நான் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.

வீட்டில் அவர் மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து பேச்சு நின்றுபோனது. தட்டு வரும், துவைத்த சட்டை கட்டிலில் மடித்து வைத்திருக்கும், மாத்திரை தண்ணீரோடு பக்கத்தில் வந்துவிடும். வார்த்தை மட்டும் வராது. எனக்கும் அழைப்பு நின்றது. நான் போய்க் கதவைத் தட்டிய இரண்டு முறையும், மெஷின் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“கோவம் இருக்கத்தானே செய்யும்” என்பார் நாடி. “என் மேல இருக்கற வரைக்கும் நல்லதுதான் சார்.”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் ஏழு தடவை அவரிடம் சொல்லியிருக்கிறேன். தேதிகள் என்னிடம் உண்டு. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “சொல்லி? எனக்கு நல்ல பேரு வரும். அவளுக்குப் பொண்ணு போயிடும்.”

பதினோரு வருடம் ஒரு மாதம் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி பட்டறையில் ஒரு மோட்டாரின் மூடியைக் கழற்றியபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது அறுபத்து மூன்று.

பதினாறாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அந்த அம்மா என் அறைக்கு வந்தார். நான் மூன்று பத்து என்று எழுதியிருந்தேன். இல்லை, மூணு மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே பேருந்தை விட்டு இறங்கிட்டேன் என்று திருத்தியது அவர்தான். தலை முழுவதும் நரைத்திருந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்தித் தடித்த தோல். நாற்காலியில் நாடி உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தார். அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

“அன்னிக்கு எழுதினதைப் பாக்கணும் சார்.”

எஞ்சின் பதிவேட்டை எடுத்து வைத்தேன். அதைப் படித்தார். “இது இல்லை” என்றார். “பெட்ரோல் எழுதுவீங்களே, அந்த நோட்டு.”

என் கை உடனே நகரவில்லை. பதினோரு வருடம் கேட்காதவர் கேட்கிறார். கேட்டால் காட்டுங்கள் என்றவரே, இவருக்கு மட்டும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவர் போய்விட்டார். இவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

“அதை எதுக்கும்மா இப்போ?”

“இருக்கா, இல்லையா?”

எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தை அவரே கண்டுபிடித்தார். அந்த வரியில் விரல் நின்றது, நாடியின் விரல் நின்ற அதே இடத்தில்.

“இதை அவரு பாத்தாரா?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. தோன்றியதை இங்கே மறைக்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் எழுந்து வீட்டுக்குப் போவார். கதை அதோடு முடியும். ஆனால் அந்த முகத்தில் ஏதோ ஒன்று, இந்தப் பதிலுக்காக நெடுநாள் வரிசையில் நின்றவர் போல இருந்தது.

“பாத்தாரு.”

“எப்போ?”

“அன்னிக்கே. பதினொண்ணு இருபதுக்கு.”

“புரிஞ்சுதா அவருக்கு?”

“உடனே புரிஞ்சுது. பொண்ணு முன்னாடியே வந்து சூடு பண்ணியிருக்கான்னு சொன்னாரு. உங்களுக்கு எப்பவும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கினாரு. இன்னிக்கு நான் அதை மீறிட்டேன்.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். ஏட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியக் கூடாதுன்னா?” என்றார். “நான்தானே சார் சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை.

“முந்தின நாள் புள்ள வந்து எங்கிட்ட அழுதா. ரெண்டு நாளா காலையில இருமுதும்மா, அப்பா சுத்திப் பாத்தா நிறுத்திடுவாரு, இந்தத் தடவையும் போச்சுன்னா வேலை போயிடும்னு. நான்தான் சொன்னேன். விடியறதுக்குள்ள போயி சூடு பண்ணி வச்சிடு, சூடாயிட்டா அப்பா கைக்குத் தெரியாதுன்னு. தினம் சாப்பிடறப்ப இவரு சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரிஞ்சதுதானே. அவ பயந்தா. ஒரு நாளைக்குத்தானேன்னு நான்தான் தைரியம் சொன்னேன். நாலே முக்காலுக்கு எழுப்பிவிட்டது நான். அவரு பொரண்டு படுத்தாரு, விளக்கைக் கூடப் போடாம அனுப்பினேன்.”

நான் நாலரை என்று எழுதியிருந்ததை நாலே முக்கால் என்று மாற்றியதுதான் அவருடைய இரண்டாவது திருத்தம்.

“அவரு முகத்தைப் பாத்து எப்படிப் பேசறது? வாயைத் திறந்தா இதுதான் வரும். இதைச் சொன்னா அவரு செத்துடுவாருன்னு நினைச்சேன். தான் சரியாப் பாக்கலைன்னு அவரு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சாரே, அது நெசம்னு அவரே நம்பறாருன்னு நினைச்சேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு...”

வெளியே யாரோ ஒரு மாணவன் எஞ்சினைக் கிளப்பினான். முதல் தடவையிலேயே சீராக ஓடியது.

“நான் கோவமா இருக்கேன்னா நினைச்சாரு?” என்று கேட்டார். “பதினோரு வருஷமும்?”

“ஆமாம்மா.”

“ஒரு தடவை கூட வேற மாதிரி நினைக்கலையா?”

 என்னிடம் இருந்தது ஏடுகள்தான். என் சொந்த நாட்குறிப்பை எடுத்தேன். ஞாயிறுதோறும் நாடி வந்து போன நேரத்தை அதில் எழுதுவது உண்டு. ஐந்தாவது வருடம், ஆகஸ்டு பதினேழாம் தேதிப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அன்று அவர் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக வந்தார். உட்காரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். அதை அந்த அம்மாவிடம் திருப்பிக் காட்டினேன்.

‘காலை 8.25. நேற்று இரவு சாப்பிடும்போது, “இன்னும் கொஞ்சம் வைக்கவா?” என்று மனைவி கேட்டாராம். இவர் வை என்றாராம். வைத்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.’

அவர் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். தேதியைப் பார்த்தார். விரலை மடக்கி வருடங்களை எண்ணிப் பார்த்தார்.

“எனக்கு ஞாபகம் இல்லையே சார்” என்றார். “நான் கேட்டேனா?”